திரும்பி வந்த செக்கும் போகவேண்டிய நீதிமன்றமும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்ட விஷயம் ஒன்றைப்பற்றிப் பேசவேண்டும், அது நம்மவர்க்கு அன்றாட வாழ்க்கையில் உதவவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். ஆகவே அரசியற் சட்டம், சர்வதேசச் சட்டம் என்ற பெரிய விஷயங்களை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, நம் சட்டைப் பையில் கிடக்கும் ஒரு சிறிய கடதாசித் துண்டைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். காசோலை என்று புத்தகத்திலும் செக் என்று கடைத்தெருவிலும் சொல்லப்படும் துண்டுதான் அது.

வெங்காயக் காலத்தில் நடப்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கலேவலைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் தமது பெரிய வெங்காயத்தை மூட்டைகட்டித் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு வியாபாரி சரக்கை ஏற்றிக்கொண்டு, காசுக்குப் பதிலாக ஒரு மாதம் தள்ளித் திகதியிட்ட செக் ஒன்றைக் கையில் வைக்கிறார். அந்தச் செக்கில் அவர் கையொப்பமிட்டது புறக்கோட்டையிலுள்ள தமது கடையில். அவருடைய கணக்கு இருப்பதோ குருநாகலில். செக்கைக் கொடுத்த இடம் தம்புள்ளை. கமக்காரர் அதைக் கலேவலையிலுள்ள தமது வங்கியில் போடுகிறார். "பணம் போதாது" என்ற சீட்டுடன் செக் திரும்பி வருகிறது. அவர் மாத்தளைக்குச் சென்று ஒரு சட்டத்தரணியைக் கொண்டு கடிதம் எழுதுவிக்கிறார். கடிதம் புறக்கோட்டைக்குப் போகிறது, பதில் இல்லை.

இப்பொழுது சொல்லுங்கள், குற்றம் எந்த ஊரில் நடந்தது?

வீடு புகுந்து திருடினால் வீடு இருக்கும் ஊரிலே குற்றம். சந்தையில் ஒருவரை அடித்தால் சந்தை இருக்கும் ஊரிலே குற்றம். குற்றம் எங்கே நிகழ்ந்ததோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றமே சாதாரணமாக அதை விசாரிக்கும் என்பது நமது நாட்டிலும் இந்தியாவிலும் குற்றவியல் நடைமுறையின் பொது விதி. இதைத்தான் சட்டத்தார் நியாயாதிக்கம் என்பர். ஆனால் செக் விஷயத்தில் ஒரே குற்றம் ஐந்து ஊர்களிலே துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இது சட்டத்தரணிகள் தங்களுக்குள் வாதித்துக்கொள்ளவேண்டிய நுணுக்கமன்றோ, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. வழக்கு ஒரு தவணையோடு முடிவதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் யாரோ ஒருவர் விடியற்காலையில் பஸ் ஏறவேண்டும். ஒரு நாட் கூலியை இழக்கவேண்டும். "அடுத்த தவணை" என்ற சொல்லைக் கேட்டு மாலையில் வீடு திரும்பவேண்டும். அந்த யாரோ ஒருவர் பணம் கிடைக்காதவரா, பணம் கொடாதவரா? எந்த நீதிமன்றம் என்ற கேள்வியின் உட்பொருள் இதுவே. தூரம் அதிகமானால் நியாயம் தம் பக்கம் இருப்பவரும் வழக்கைக் கைவிட்டுவிடுவார். குற்றமில்லாதவரும் தொல்லை தாங்காமற் கேட்ட பணத்தைக் கட்டிவிடுவார்.

இக்கேள்வியை மிக விரிவாக அலசிய தேசம் நமது அயல்நாடான இந்தியா. அங்கே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் சொல்லிப் பின்பு அதை மாற்றிச் சொல்லிற்று. அதையும் பாராளுமன்றம் மாற்றியது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவின் மாற்று முறி ஆவணங்கள் சட்டம் 1881ஆம் ஆண்டிலே, வெள்ளையர் ஆட்சியில் பிறந்தது. செக்கில் பணம் கிடைக்காவிட்டால் அது குற்றம் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதில் எழுதியிருக்கவில்லை. உரிமை வழக்குப் போட்டுப் பணத்தைக் கேட்கலாம். அல்லது வஞ்சனை என்று நிரூபிக்க முயலலாம். 1988ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் இயற்றி, 138ஆம் பிரிவு என்பதைச் சேர்த்தார்கள். 1989 ஏப்பிரில் 1ஆந் திகதி தொடக்கம் அது நடைமுறைக்கு வந்தது. செக்குக்கு மதிப்பு ஏற்படவேண்டும், வியாபாரிகள் அதை நம்பி வாங்கவேண்டும் என்பதே நோக்கம்.

அப்பிரிவின்படி செக் திரும்பிய உடனேயே குற்றம் முழுமையடைவதில்லை. செக் திரும்பிய செய்தி கிடைத்து முப்பது நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் அறிவித்தல் அனுப்பவேண்டும். (முதலில் இது பதினைந்து நாளாக இருந்தது, 2002ஆம் ஆண்டுத் திருத்தம் முப்பதாக்கியது.) அறிவித்தல் கிடைத்தபின் பதினைந்து நாட்கள் அவகாசம். அதற்குள் கட்டினால் வழக்கில்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதவானிடம் முறைப்பாடு செய்யவேண்டும். குற்றவாளியானால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இருமடங்கு வரை தண்டம், அல்லது இரண்டும். "கணக்கிற் பணமிருக்குமென்றுதான் நினைத்தேன்" என்று எதிரி சொல்லித் தப்பவும் முடியாது.

எல்லாம் எழுதிய சட்டம், எந்த ஊர் நீதவான் என்பதை மாத்திரம் எழுத மறந்துவிட்டது!

1999ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கேரளத்து வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வந்தது. பாஸ்கரன் வழக்கு என்று சட்டப் புத்தகங்கள் அதைக் குறிப்பிடும். அடூரில் வழக்குத் தொடரப்பட்டது. செக் திரும்பியதோ வேறு மாவட்டத்திலுள்ள காயங்குளத்தில். நீதிபதி கே. டி. தோமஸ் தீர்ப்பெழுதினார். இக்குற்றம் ஐந்து செயல்களாலானது என்றார் அவர்: செக் எழுதுதல், வங்கியிற் சமர்ப்பித்தல், வங்கி திருப்பிவிடுதல், அறிவித்தல் கொடுத்தல், அவகாசத்துள் பணம் கட்டாதிருத்தல். இவ்வைந்தும் ஐந்து ஊர்களில் நடந்திருந்தால் ஐந்தில் எந்த ஊர் நீதிமன்றமும் விசாரிக்கலாம். தெரிவுசெய்யும் உரிமை முறைப்பாட்டாளருக்கு.

நம் வெங்காயக் கமக்காரருக்கு இதைவிட இனிய தீர்ப்பு வேண்டுமா? ஆனால் அந்தச் சலுகை அவர் ஒருவருக்கு மாத்திரம் கிடைக்கவில்லை. நாடெங்கும் கிளைகள் வைத்துக் கடன் கொடுக்கும் பெருங் கம்பெனிகளுக்கும் கிடைத்தது. எங்கோ தெற்கிலுள்ள சிறு கடைக்காரர் தவணைக் கடனுக்குக் கொடுத்த செக்கைத் தலைமைக் காரியாலயம் உள்ள நகரத்தில் வங்கியிற் போடுவது, அங்கிருந்தே அறிவித்தல் அனுப்புவது, அங்கேயே வழக்கு வைப்பது என்ற வழி திறந்தது. அறிவித்தல் அனுப்புவதொன்றே போதுமானால், தபாற்பெட்டி உள்ள எந்த ஊரும் குற்றம் நடந்த ஊராகிவிடும் அல்லவா?

அந்த வாசலை 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரளவு சாத்தியது. சண்டிகரிலுள்ள கம்பெனி கொடுத்த செக்குக்காக டில்லியில் தொடர்ந்த வழக்கு அது. டில்லியிலிருந்து அறிவித்தல் அனுப்பியதனால் மாத்திரம் டில்லி நீதிமன்றத்துக்கு அதிகாரம் வராது என்று கூறப்பட்டது.

பின்பு 2014 ஓகஸ்ட் 1ஆந் திகதி, தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில், நீதிபதிகள் டி. எஸ். தாக்கூர், விக்ரம்ஜித் சென், சி. நாகப்பன் ஆகிய மூவரும் பழைய வழியை முற்றாக மூடினார்கள். வங்கி எப்பொழுது பணம் கொடாமற் செக்கைத் திருப்பியதோ அப்பொழுதே குற்றம் நிகழ்ந்துவிட்டது. அறிவித்தலும் அவகாசமும் வழக்குத் தொடர்வதற்கான நிபந்தனைகளே தவிரக் குற்றத்தின் பகுதிகள் அல்ல. ஆகவே செக் எழுதியவரின் வங்கிக் கிளை எங்கேயோ அங்கே மாத்திரமே வழக்கு என்று தீர்ந்தது. முறைப்பாட்டாளர்கள் ஊரைத் தெரிந்தெடுத்து எதிரிகளை அலைக்கழிப்பதை நீதிபதிகள் மனத்திற் கொண்டிருந்தார்கள்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். சாட்சியம் தொடங்கியிருந்த வழக்குகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மற்றவை முறைப்பாட்டாளரிடம் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். அவர் முப்பது நாட்களுக்குள் உரிய ஊரில் மீண்டும் தாக்கல் செய்யவேண்டும் என்பது கட்டளை. கட்டுக் கட்டாக வழக்கேடுகள் ஊர்விட்டு ஊர் பிரயாணம் புறப்பட்டன. ஏமாந்தவரே ஏமாற்றியவரின் ஊர்தேடிப் போகவேண்டிய நிலையும் உண்டாயிற்று. ஏமாற்ற நினைப்பவன் எட்டாத தூரத்துக் கிளையொன்றில் கணக்கு வைத்திருந்தால் அதுவே அவனுக்குக் கோட்டையாகிவிடும்.

தீர்ப்பு வந்த அதே மாதத்திலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு புதிய கேள்வியைச் சந்தித்தது. எல்லாக் கிளைகளிலும் மாற்றக்கூடிய செக்கானால், திருப்பியது எந்தக் கிளை? அருகிலுள்ள கிளையில் திரும்பியிருந்தால் அவ்வூரிலேயே வழக்கு வைக்கலாம் என்று அம்மன்றம் கூறிற்று. இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. இக்காலத்தில் செக்குக் கடதாசி ஊர் ஊராகப் போவதே இல்லை. முதலிற் பெற்ற வங்கியிலேயே அது தங்கிவிட, அதன் படம் மாத்திரம் மின்வழியாகப் போகிறது. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டிலும், டில்லியில் 2008ஆம் ஆண்டிலும் இம்முறை தொடங்கியது. கடதாசி கலேவலையில், அதன் படம் கொழும்பில், கணக்கு குருநாகலில் என்றால், செக் "திரும்பிய" இடம் எது என்று நிலத்திற் கோடு கிழித்துக் காட்ட இயலுமா?

ஆகவே பாராளுமன்றம் தலையிட்டது. 2015 ஜூன் 15ஆந் திகதி ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வருட இறுதியில் முறையான சட்டமாகி, அதே ஜூன் 15 முதலே நடைமுறையிலிருந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன் விதி சுருக்கமானது. செக்கைப் பெற்றவர் தமது கணக்கின் மூலம் வசூலுக்குப் போட்டால், அவருடைய கணக்கு எந்தக் கிளையில் உள்ளதோ அந்த எல்லை நீதிமன்றம். கணக்கின் மூலமன்றி நேரே காசாக மாற்ற முயன்றால், செக் எழுதியவரின் கணக்கு உள்ள கிளையின் எல்லை நீதிமன்றம். பெற்றவர் தமது வங்கியின் வேறு எந்த ஊர்க் கிளையில் செக்கைக் கொடுத்தாலும், கணக்குள்ள கிளையிற் கொடுத்ததாகவே கொள்ளவேண்டும் என்றும் விளக்கம் சேர்த்தார்கள். இந்த விளக்கம் மிக முக்கியமானது. செக்கைத் தூக்கிக்கொண்டு வசதியான ஊர்தேடி ஓடும் தந்திரத்தை அது தடுக்கிறது. ஒரே ஆள்மீது பல செக் வழக்குகள் இருந்தால் பின்னையவை எல்லாம் முதல் வழக்கு நடக்கும் மன்றத்துக்கே போகவேண்டும் என்பது மற்றொரு நல்ல ஏற்பாடு.

ஓராண்டுக்கு முன் புறப்பட்ட வழக்கேடுகளுக்கு இப்பொழுது மீண்டும் பிரயாணம்! 2006ஆம் ஆண்டுச் செக் ஒன்று. கணக்கு சண்டிகரில், வசூலுக்குப் போட்டது இந்தூரில். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி இந்தூர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொல்ல, 2015 நவம்பரில் நீதிபதிகள் கேஹர், பானுமதி இருவரும் புதிய விதியைக் காட்டி இந்தூருக்கே அதிகாரம் உண்டென்றார்கள். ஒன்பது வருடங்களுக்குப் பின், எந்த ஊர் என்பது மாத்திரமே முடிவாயிற்று! 2019 டிசம்பர் இறுதியில் இந்தியாவில் நிலுவையிலிருந்த செக் வழக்குகள் 35.16 இலட்சம் என்று அவர்களது உச்ச நீதிமன்றமே எடுத்துக் காட்டியிருப்பதில் வியப்பென்ன?

புதிய விதிபற்றி என் அபிப்பிராயம் யாது என்று கேட்பீர்கள். கேள்வி கேட்டவுடன் பதில் தெரியும் விதி அது. ஆதலால் நல்ல விதி. சரக்கைக் கொடுத்துவிட்டுச் செக்கை வாங்கிய சாதாரண மனிதர் தமது ஊரிலேயே நியாயம் கேட்கலாம். ஆனால் அது பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது. செக்கைப் பெற்றவர் கமக்காரராயின் அவருக்கு இருப்பது ஒரு கணக்கு, ஒரு ஊர். பெற்றவர் வங்கியேயானால்?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முடிவான கோயம்புத்தூர் வழக்கு இதற்கு விடை. ஸ்ரீ செந்தூர் ஆக்ரோ அண்ட் ஆயில் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் கோட்டக் மஹிந்திரா வங்கியிடம் கடன் பெற்றது. கொடுக்கல் வாங்கல் கோயம்புத்தூரில். செக் திரும்பியபின் வங்கி வழக்கு வைத்ததோ சண்டிகரில். இடையே 2,500 கிலோமீற்றருக்கு மேல் தூரம். வழக்கைக் கோயம்புத்தூருக்கு மாற்றித் தரும்படி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை வேண்டியது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் மறுத்துவிட்டனர். வசூலுக்குப் போட்ட கணக்கு சண்டிகரில் இருப்பதால் அம்மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தூரமும் சிரமமும் மாத்திரம் வழக்கை மாற்றப் போதிய காரணங்களல்ல. நேரில் வர இயலாவிடின் விலக்குக் கேட்கலாம், காணொலி மூலம் தோன்ற அனுமதி கேட்கலாம் என்பது முடிவு. சட்ட வாசகப்படி இத்தீர்ப்பிற் குற்றங்காண எனக்கு இயலவில்லை. ஆயினும் 1999ஆம் ஆண்டு திறந்த வாசலின் ஒரு கதவு இன்னும் திறந்தே இருக்கிறது என்று சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

தூரத்து எதிரிக்கு ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. 2021 ஏப்பிரிலில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த ஆயம், எதிரி தன் எல்லைக்கு வெளியே வசிப்பவராயின் நீதவான் அழைப்பாணை அனுப்புமுன் வழக்குக்குப் போதிய ஆதாரம் உண்டா என்று விசாரித்தே ஆகவேண்டும் என்றது. அவ்விசாரணையைச் சத்தியக் கடதாசியையும் ஆவணங்களையும் பார்த்தே முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னதால், அது எவ்வளவு பாதுகாப்பு என்பது அந்தந்த நீதவானின் கவனத்தைப் பொறுத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமது மாற்று முறிக் கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம். செக் திரும்புவதைக் குற்றமாகச் சொன்னது அதுவன்று. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அப்பிரிவு இயற்றப்பட்டபொழுது வகுத்த தண்டனை ஓராண்டு வரை மறியல், அல்லது 10,000 ரூபா, செக் தொகையின் நூற்றுக்குப் பத்து ஆகிய இரண்டில் எது கூடவோ அந்தத் தண்டப்பணம், அல்லது இரண்டும். விசாரிப்பவர் நீதவான்.

இந்தியச் சட்டத்துக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. அங்கே எதிரியின் மனத்திலிருந்ததைப் பற்றிக் கவலையில்லை. இங்கே, கணக்கிற் பணமில்லை என்று அறிந்துகொண்டே செக் எழுதினார் என்பது முக்கியமாகிறது. "அறிந்துகொண்டே" என்ற அந்த ஒரு சொல்லை நிரூபிப்பதிலேதான் வழக்கின் பாரமெல்லாம் தங்கியிருக்கும். மேலும், இந்தியாவில் 2015ஆம் ஆண்டு எழுதியதுபோல் "இன்ன கிளையின் எல்லை" என்று சுட்டும் வாசகம் அப்பிரிவில் எழுதப்படவில்லை. ஆகையால் குற்றம் நிகழ்ந்த இடம் எது என்ற பொது விதிக்கே திரும்பவேண்டியிருக்கிறது. செக்கை எங்கே எழுதினார், எங்கே கையளித்தார், எங்கே அது மறுக்கப்பட்டது என்ற விபரங்கள் முறைப்பாட்டிலேயே தெளிவாக இருந்தால், எதிரித் தரப்பு முதல் தவணையிலேயே நியாயாதிக்க ஆட்சேபனையை எழுப்பிக் காலங்கடத்துவது கடினமாகும்.

பணமே வேண்டும், மறியல் வேண்டாம் என்பவருக்கு மாவட்ட நீதிமன்றம் உண்டு. குடியியல் நடவடிக்கைக் கோவையின் 53ஆம் அத்தியாயப்படி செக்கை வைத்துச் சுருக்க முறையில் வழக்குப் போடலாம். எதிர்வாதி மன்றின் அனுமதி பெற்ற பின்பே எதிர்வாதம் செய்யலாம். இங்கே ஊர்பற்றிய விதி தாராளமானது. எதிர்வாதி வசிக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்த இடம் ஆகியவற்றுள் ஒன்று அந்த மன்றின் எல்லைக்குள் இருந்தால் போதும்.

ஆகவே கமக்கார அன்பர்களே, செக்கை வாங்கும்பொழுது அதன் முகத்தைப் பாருங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். வாங்கிய இடமும் திகதியும் சரக்கின் நிறையும் எழுதிய துண்டில் அவர் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் வங்கி தரும் சீட்டையும் அது வந்த தபாலுறையையும் எறிந்துவிடாதீர்கள். பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டையும் அத்துடன் குத்தி வையுங்கள்.

கடன் வாங்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கையொப்பத்தை மாத்திரம் இட்டுத் தொகையும் திகதியும் எழுதாத செக்கைக் கடன்காரரிடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தானாகவே கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கைப் பெற்றவர் நிரப்பிக்கொண்டாலும் சட்டத்தின் ஊகம் பெற்றவர் பக்கமே என்று 2019ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அங்கே அத்தகைய செக்கில் இன்னும் நிரப்பப்படாத மற்றொரு இடமும் உண்டு. நீங்கள் எந்த ஊருக்குப் பஸ் ஏறப் போகிறீர்கள் என்பதே அது. அதையும் நிரப்புகிறவர் பெற்றவர்தான்.